பின்னணிச் செயலி: ஒரு சொல்லுக்குள் இரண்டு ஆட்கள்

என் சித்தப்பா கைபேசியைச் சட்டைப் பையில் வைப்பதற்கு முன் ஒரு சடங்கு செய்வார். அண்மையில் திறந்த செயலிகளின் வரிசையை வரவழைத்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நிதானத்தோடு ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிடுவார். எதற்கு என்று கேட்டால், "எல்லாம் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டால் பேட்டரியைக் குடித்துவிடும்" என்பார். ரயிலில் எதிர் இருக்கைக்காரரும் இதைத்தான் செய்கிறார், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் இதைத்தான் செய்கிறார். பெரும்பாலும் இது வீண் வேலை. ஆனால் இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழப்பம் 'பின்னணி' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது.

பின்னணி என்பது பின் + அணி. அணி என்றதும் நகைதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே அது வரிசை, படையின் வகுப்பு. படையின் முன்வரிசை முன்னணி, பின்வரிசை பின்னணி. முன்வரிசைக்குத் தூசி என்றும் பின்வரிசைக்குக் கூழை என்றும் தனிப் பெயர்களே பழந்தமிழில் இருந்தன. போர்க்களம் போனபின் முன்னணி அரசியலுக்குக் குடிபெயர்ந்தது. பின்னணி இரண்டு வீடுகளில் வாழ்க்கைப்பட்டது. ஒன்று திரைப்படம்: பின்னணிப் பாடகர், பின்னணி இசை, பின்னணிக் குரல். இன்னொன்று செய்தித்தாள்: "கொலையின் பின்னணி என்ன?", "இதன் பின்னணியில் இருப்பவர் யார்?". இந்த இரண்டாவது வீட்டின் வாடை சொல்லில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பின்னணியில் ஒருவர் இருக்கிறார் என்று தமிழில் சொன்னால், அவர் ஏதோ சதி செய்கிறார் என்றே காது கேட்கும். கைபேசியில் ஒரு செயலி பின்னணியில் இருக்கிறது என்றால் அதைத் துரத்தத் தோன்றுவது இயல்புதானே.

ஆங்கிலத்தின் பேக்கிரவுண்டுக்கு இந்த வாடை கிடையாது. அது 17ஆம் நூற்றாண்டு நாடக மேடையில் வழங்கத் தொடங்கிய சொல். மேடையின் பின்பக்கத் தரையைக் குறித்தது. பிறகு ஓவியத்தில் உருவத்துக்குப் பின்னால் தெரியும் மரமும் மலையும் வானமும் ஆனது. 1960களில் கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. விசைப்பலகை முன்னால் ஒருவர் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தால் அவருடைய வேலை முன்புறத்தில் நடந்தது. யாரும் காத்திருக்காத சம்பளப் பட்டியல் போன்ற வேலைகள் பின்புறத்தில் நடந்தன. 1970களின் தொடக்கத்து யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தில் ஒரு கட்டளையின் கடைசியில் 'உம்' என்பதைக் குறிக்கும் அந்த வளைந்த குறியை (&) போட்டால், கணினி அந்த வேலை முடியும்வரை உங்களைக் காக்க வைக்காது. நீங்கள் அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆக, கணினியில் இந்தச் சொல் பிறந்தபோது அதற்கு ஒரே பொருள்தான்: கண்ணில் படாமல் நடக்கும் வேலை. வேலை நடக்கிறது என்பதில் ஐயமே இல்லை.

கைபேசி வந்தபின் சிக்கல் வந்தது. செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வருகிறது, பேசப் போய்விடுகிறீர்கள். செய்திச் செயலி திரையிலிருந்து மறைகிறது. மறைந்தபின் அது என்ன செய்கிறது? பெரும்பாலான செயலிகள் ஒன்றும் செய்வதில்லை. விட்ட இடத்தில் அப்படியே நினைவகத்தில் கிடக்கின்றன. அண்மைய ஆண்ட்ராய்டுப் பதிப்புகள் அவற்றை அசையவிடாமல் உறைய வைத்துவிடுவதும் உண்டு. நினைவகம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். அதைக் காலி செய்வதால் மிச்சம் எதுவும் பெரிதாக இல்லை. மாறாக, தள்ளிவிட்ட செயலியை அரைமணியில் மறுபடி திறந்தால், அடியிலிருந்து முழுவதையும் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியிலிருந்து மறுபடி உலை வைப்பவர் எரிவாயுவை மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொள்வது போல.

2016 மார்ச்சில் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியிடம் ஒரு வாடிக்கையாளரின் கடிதம் போய்ச் சேர்ந்தது. செயலிகளை அடிக்கடி மூடுகிறீர்களா, பேட்டரிக்கு அது தேவையா என்பது கேள்வி. இல்லை, இல்லை என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. சில நாட்களில் ஆண்ட்ராய்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே வழிமொழிந்தார். சண்டைக்காரர்கள் இருவரும் ஒத்துப்போன அபூர்வமான இடம்.

அப்படியானால் பின்னணியில் பேட்டரியைத் தின்பவர் யாருமே இல்லையா? நிச்சயமாக இருக்கிறார்கள். திரை அணைந்திருந்தும் பாட்டு ஒலிக்கும் செயலி, வழிகாட்டும் வரைபடம், படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் செயலி, நிமிடத்துக்கொருமுறை நீங்கள் இருக்கும் இடத்தை நோட்டம் விடும் ஏதோ ஒரு தள்ளுபடிக் கூப்பன் செயலி. இவை உண்மையிலேயே வேலை செய்கின்றன. கிடப்பவனையும் வேலை செய்பவனையும் ஒரே பெயரால் கூப்பிடுகிறோம் என்பதுதான் கோளாறு. ஆங்கிலத்திலும் இந்தக் கோளாறு உண்டு. நாம் அதை மொழிபெயர்த்தபோது கோளாறையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டோம்.

தமிழுக்கு இதைப் பிரித்துச் சொல்ல வக்கில்லாமல் இல்லை. அரசு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய யாருக்கும் 'கிடப்பில் போடுவது' என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. கோப்பு எரிக்கப்படவில்லை, கிழிக்கப்படவில்லை. அலமாரியில் அப்படியே இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதும் இல்லை. மறைந்து உறைந்த செயலியின் நிலை இதுவேதான். அதைக் 'கிடப்புச் செயலி' என்றால் சொல்லிலேயே விளக்கம் வந்துவிடுகிறது. பின்னணி என்பதைப் பாடகர்களின் பொருளில் வைத்துக்கொள்ளலாம். பின்னணிப் பாடகர் திரையில் தெரிவதில்லை. ஆனால் மூச்சைப் பிடித்துப் பாடுபவர் அவர்தான், வாயசைப்பவர் அல்லர். அதுபோலத் திரையில் தெரியாமல் உழைப்பது மட்டும் பின்னணிச் செயலி. இந்தப் பிரிவினை பழகிவிட்டால் சித்தப்பா தள்ளிவிட வேண்டியது எதை, விட்டுவிட வேண்டியது எதை என்பது அவருக்கே தெரியும். பின்புலம் என்ற சொல்லையும் சிலர் ஆள்கிறார்கள். புலம் என்பது நிலம், வெளி. சுவரொட்டியின் பின்புலம் நீலம் என்று சொல்ல அது அழகான சொல். வேலை செய்யும் ஒன்றுக்கு அது பொருந்தவில்லை. மலையும் வானமும் உழைப்பதில்லை.

செயலிக்கு வருவோம். வில்லை உடையவன் வில்லி என்பது போல, செயலை உடையது செயலி. சிறிய சொல், வாயில் எளிதாக உட்காரும் சொல். பயன்பாட்டு மென்பொருள் என்ற நீளமான தொடரைச் சத்தமின்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரே ஒரு நெருடல் உண்டு. கைபேசிச் செயலிகள் வருவதற்கு முன்பே, கணினியின் மூளையான சில்லுக்கு நம் பாடநூல்கள் 'நுண்செயலி' என்று பெயர் வைத்துவிட்டன. எனவே "செயலி சூடாகிறது" என்று ஒருவர் எழுதினால் சில்லா, மென்பொருளா என்று ஒரு நொடி தயங்க வேண்டியிருக்கிறது. சில்லைக் குறிக்கும்போதெல்லாம் நுண்செயலி என்று முழுதாக எழுதிவிட்டால் தொல்லை தீரும். ஆண்ட்ராய்டின் தமிழ் இடைமுகம் 'ஆப்ஸ்' என்றே எழுதுகிறது, அதுவும் ஒன்றே ஒன்று இருக்கும்போதும். ஒருமைக்கும் பன்மையைப் போட்டு எழுதும் அந்தச் சொல்லைவிடச் செயலி எவ்வளவோ மேல்.

அடுத்து, இத்தனை பழியும் யாருக்காகவோ அந்தப் பேட்டரி. பிரெஞ்சு மொழியில் அடித்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. கோட்டைச் சுவரை அடிக்கும் பீரங்கிகளின் வரிசைக்குப் பெயரானது. 1749இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஈயத் தகடு ஒட்டிய 11 கண்ணாடிப் பலகைகளை ஒன்றாக இணைத்து, அந்த அமைப்புக்கு மின் பேட்டரி என்று ஒரு கடிதத்தில் பெயர் சூட்டினார். பீரங்கிகளை மனத்தில் வைத்துத்தான் சூட்டினார் என்பதற்கு அதே கடிதத்தில் சான்று இருக்கிறது: ஆற்றங்கரையில் ஒரு விருந்து, அதில் வான்கோழியை மின்சாரத்தால் கொல்வது, மின் பேட்டரியின் வேட்டுச் சத்தத்தோடு கோப்பையை உயர்த்துவது என்று விளையாட்டாகத் திட்டம் போடுகிறார். பின்னணி நம் படையின் வரிசை, பேட்டரி அவர்கள் படையின் வரிசை. கைபேசியின் அமைப்புகளில் இன்று இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன.

1800இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா வேறு வழியில் வந்தார். வெள்ளி, துத்தநாக வட்டுகளையும் உப்புநீரில் நனைத்த துணித்துண்டுகளையும் மாறி மாறி அடுக்கினார். அந்தக் கருவிக்கு அடுக்கு என்றே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் டார்ச்சில் போடும் மின்கலத்தை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நம்முடைய 'மின்கல அடுக்கு' இந்த வகையில் ஃபிராங்க்ளினின் பீரங்கியை விட்டுவிட்டு வோல்ட்டாவின் பக்கம் சேர்ந்துகொண்டது. ஒற்றை அலகு மின்கலம், பல சேர்ந்தால் மின்கல அடுக்கு. கலம் என்றால் பாத்திரம். உண்கலம், மரக்கலம் என்பவற்றில் உள்ள அதே கலம். இலங்கையில் உயிரியலின் செல்லுக்கும் கலம் என்றே பெயர் என்பதால், அங்கே படித்தவர்களுக்கு மின்கலம் இன்னும் நெருக்கமாக ஒலிக்கும். தமிழகத்துக் கிராமங்களில் டார்ச்சுக்குள் போவது 'கட்டை'. "பேட்டரிக்குக் கட்டை வாங்கி வா" என்றால் டார்ச்சுக்கு மின்கலம் வாங்கி வா என்று பொருள். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமல் உருவான துல்லியமான பிரிவு அது.

வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான கைபேசிகளுக்குள் இருப்பது 3.7 வோல்ட்டுக்குச் சற்று மேலே கீழே நிற்கும் ஒரே ஒரு லித்தியம் அயனி மின்கலம். வரிசை இல்லை, அடுக்கும் இல்லை. பேட்டரி என்று ஊரே சொல்வது இலக்கணப்படி தவறு, மின்கலம் என்று தமிழ் ஆசிரியர் சொல்வது சரி. வேகமாக மின்னேற்றுவதற்காக இரண்டு மின்கலங்கள் வைத்த கைபேசிகளும் வந்துவிட்டன. அவற்றுக்கு மட்டும் மின்கல அடுக்கு பொருந்தும். ஆனாலும் பேட்டரி என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. அது நாளிதழிலும் நாக்கிலும் ஊறிவிட்டது. கருத்துத் தெளிவு தேவைப்படும் இடத்தில் மின்கலம் என்று எழுதுவேன், தேநீர்க் கடையில் பேட்டரி என்றே சொல்வேன்.

சார்ஜ் என்ற சொல்லுக்கு ஒரு வரி. லத்தீனில் வண்டியில் பாரம் ஏற்றுவதிலிருந்து பிறந்தது அது. பீரங்கியில் மருந்து ஏற்றுவது அடுத்து வந்த பொருள். "சார்ஜ் ஏற்று" என்று நம் மக்கள் சொல்லும்போது, மூலச்சொல்லின் பொருளை அறியாமலேயே அதை மறுபடி ஒருமுறை சொல்லிவிடுகிறார்கள். மின்னேற்றம், மின்னிறக்கம் இரண்டும் அதனால்தான் ஒட்டாமல் நிற்பதில்லை.

இனி, உழைக்கும் பின்னணிச் செயலிகளைக் கைபேசி எப்படி அடக்குகிறது என்று பார்க்கலாம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. திரை அணைந்து, மின்னேற்றியில் இல்லாமல், மேசைமேல் அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் கைபேசி அரைத்தூக்கத்துக்குப் போகும். இணையத்தை நிறுத்திவைக்கும், செயலிகளின் வேலைகளைத் தள்ளிப்போடும். அவ்வப்போது கண்ணைத் திறந்து தேங்கிய வேலைகளை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுபடி அயரும். நேரம் ஆக ஆக அந்தக் கண் திறப்புகளின் இடைவெளி கூடும். அவசரச் செய்தி வந்தால் உடனே விழிக்கும். ஆங்கிலத்தில் இதற்கு டோஸ் என்று பெயர். இதற்குக் கலைச்சொல் ஆக்க யாரும் சிரமப்பட வேண்டாம். கோழித்தூக்கம் என்ற சொல் நம் பாட்டிமார் நமக்கு விட்டுச்சென்றது. அடுத்த ஆண்டின் ஆண்ட்ராய்டு 7 சட்டைப் பையில் ஆடிக்கொண்டிருக்கும்போதும் இலேசான கோழித்தூக்கத்தை அனுமதித்தது. நுண்செயலியை அயரவிடாமல் பிடித்துவைக்கும் உரிமை செயலிகளுக்கு உண்டு. கோழித்தூக்கம் முழுதாகப் பிடித்தபின், விலக்குப் பெற்ற சில செயலிகளைத் தவிர மற்றவற்றுக்கு அது பொதுவாகச் செல்லாது. அந்த உரிமையை விழிப்புப் பூட்டு என்று சொல்லலாம். சரியாக எழுதப்படாத செயலி பூட்டைப் போட்டுவிட்டுத் திறக்க மறந்துவிடும். காலையில் எழுந்து பார்த்தால் இரவே பாதி பேட்டரி போயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோபுரத்தின் அலைவரிசை மெலிந்த ஊரில் கைபேசி உரக்கக் கத்தித் தொடர்பைப் பிடிக்க முயல்வது இன்னொன்று. அங்கே எந்தச் செயலியைத் தள்ளிவிட்டும் பயன் இல்லை.

ஆகவே பார்க்க வேண்டிய இடம் அண்மைச் செயலிகளின் வரிசை இல்லை. அமைப்புகளில் பேட்டரிப் பயன்பாடு என்ற பக்கம். எந்தச் செயலி திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்று பல கைபேசிகளில் அங்கே தெரியும். நீங்கள் திறக்கவே திறக்காத ஒன்று பின்னணியில் இரண்டு மணி நேரம் ஓடியிருந்தால் அதுதான் ஆள். அதன் பின்னணி அனுமதியை அங்கேயே கட்டுப்படுத்திவிடலாம்.

இதைச் சித்தப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். உற்சாகத்தில் அவர் பட்டியலில் இருந்த அத்தனையையும் கட்டுப்படுத்திவிட்டார், இரத்த அழுத்த மாத்திரையை நினைவூட்டும் செயலி உட்பட. இரண்டு நாள் அது வாய் திறக்கவில்லை. சித்தி கேட்ட பிறகுதான் தெரிந்தது. இப்போது அந்த ஒன்றுக்கு மட்டும் முழு அனுமதி கொடுத்திருக்கிறார். மற்றவற்றை முன்போலவே, சுண்ணாம்பு தடவும் நிதானத்தோடு, மேலே தள்ளிக்கொண்டிருக்கிறார்.