ராஜபார்ட்: சொல் விளக்கம்

பழைய தமிழ் மேடையின் கோவலன் நாடகத்தில் அரியணை ஏறி உட்காருபவன் பாண்டியன். ஆனால் ராஜபார்ட் அவனுக்கில்லை, சிலம்பு விற்கவந்த வணிகன் கோவலனுக்குத்தான். வள்ளி திருமணத்திலும் அப்படியே. வேடன் கோலத்தில் வந்து வள்ளியோடு தர்க்கம் செய்யும் முருகன்தான் ராஜபார்ட். இதை ‘அரசன் வேடம்’ என்று மொழிபெயர்க்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். ராஜபார்ட் என்றால் ஆண் வேடங்களில் தலைமையானது. அதைக் கட்டுகிற நடிகருக்கும் அதுவே பெயர்.

சொல்லில் பாதி வடமொழி, பாதி ஆங்கிலம். பழைய ஆங்கில நாடகக்காரர்கள் முழுப் பிரதியை நடிகர் கையில் கொடுக்கமாட்டார்கள். அவரவர் பேசவேண்டிய பகுதியை மட்டும் தனியே எழுதிக் கொடுப்பார்கள், அந்தத் தாள்தான் ‘பார்ட்’. அப்புறம் வேடத்துக்கே அது பெயரானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி (தொழில்முறை நாடகக் குழு), சீன், பபூன் போன்ற சொற்கள் நம் மேடைக்கு வந்தபோது பார்ட்டும் கூடவே வந்தது. நம்மவர்கள் அதோடு ஸ்திரீ, கள்ளன் என்று ஒட்டி ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று தொழிலையே பிரித்துக்கொண்டார்கள்.

ஆமாம், தொழில்தான். சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவன் பெரும்பாலும் பாலபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ போடுவான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பிழைப்பே ஆட்டம் காணும். குரல் திரும்பி, அதுவும் நல்ல சாரீரமாகத் திரும்பினால் ராஜபார்ட்டை எட்டலாம். இல்லாவிட்டால் சில்லறை வேடங்கள்தான். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்க, ஆர்மோனியத்தோடு உச்ச சுருதியில் விடியவிடியப் பாடவேண்டும். பாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அந்தக் குரலில்தான் நின்றது. 27 வயதிலேயே, 1933இல் போய்விட்டார்.

ஸ்பெஷல் நாடகத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயன் இருந்தது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். காண்ட்ராக்டர் ஓர் இரவுக்கென்று இருவரையும் பேசி வரவழைப்பார், ஒத்திகை கிடையாது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் மேடையிலேயே தர்க்கம் சூடுபிடிக்கும். நோட்டீஸில் ‘ராஜபார்ட்’ என்று போட்டால் யார் என்ன செய்வார் என்பது ஊருக்கே புரிந்துவிடும்.

சென்னையில் அந்த உலகத்தின் முகவரியாக இருந்தது வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை தியேட்டர். விஸ்வநாத தாஸ் தேசப் பாட்டுகளை மேடையில் பாடிப் பாடிப் பலமுறை கைதான ராஜபார்ட். 1940 டிசம்பர் 31 இரவு அங்கே முருகன் வேடத்தில், மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்டார். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையோ வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஆசைக்கு நடித்த இடம். பகலில் கோர்ட்டும் ஆபீசும் சோறு போட்டன. ராஜபார்ட் என்ற சொல்லில் இருக்கிற கூலி வாசனை கம்பெனி நடிகருக்கே உரியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வேடம்’ வடசொல் வழி வந்தது என்று ‘கோலம்’ என்பார்கள். பழைய, நல்ல சொல்தான். ஆனால் ‘தலைமைக் கோலம்’ என்றால் இன்றைய சென்னைக்காரருக்கு மார்கழிப் போட்டிதான் நினைவுக்கு வரும். வேடம் நம் மேடையில் எப்போதோ ஊறிவிட்டது, இருக்கட்டும். வேடத்தைக் குறிக்க ‘தலைமை ஆண் வேடம்’, ஆளைக் குறிக்க ‘தலைமை வேடக்காரர்’ என்பது என் தேர்வு. ஸ்திரீபார்ட்டுக்குப் ‘பெண் வேடம்’, பபூனுக்குக் ‘கோமாளி’ போதும். ‘கதாநாயகன்’ வேண்டாம், அது கதைக்குள் இருப்பவனை மட்டுமே சுட்டும். ‘தலைமை நடிகன்’ என்று ஆண்பாலில் முடிப்பதும் சரிவராது. பாலாமணி அம்மாள் கம்பெனியில் ஆண் வேடங்களையும் பெண்களே கட்டினார்கள். பழைய நோட்டீஸை எடுத்துக்காட்டும்போது மட்டும் ராஜபார்ட்டை மாற்றாமல் அப்படியே போடுங்கள்.