வளவில் கிடக்கும் நாய் மலத்தை அன்றன்றைக்கே அள்ளுங்கள்

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டுக்கு மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தேன். வேலை முடிந்து கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு அம்மம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, நீங்கள் மாட்டு டொக்டர்தான். எண்டாலும் இதை ஒருக்காப் பாருங்கோ." பெடியனின் உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, சிவப்புக் கோடு ஒன்று நூலை எறிந்ததுபோல வளைந்து வளைந்து கிடந்தது. நாளுக்கு நாள் நீளுகிறதாம். இரவில் சொறிந்து சொறிந்து அழுகிறானாம். செருப்புக் கடித்ததாக்கும் என்று மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசியிருந்தார்.

நான் திரும்பி மாமரத்தடியைப் பார்த்தேன். கொப்பில் ஊஞ்சல். கீழே காலால் அளைந்து அளைந்து மாவாகிப்போன மணல். ஊஞ்சலுக்கு நாலடி தள்ளித் தாய் நாயும் இரண்டு குட்டிகளும் படுத்திருந்தன. சுற்றிவரப் பல நாள் மலம், சிலது காய்ந்தும் சிலது காயாமலும்.

அந்தக் கோடு நாயின் கொளுக்கிப் புழு. மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரமளவில் அதிலிருந்து வந்த குடம்பி, அதாவது புழுவின் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும் பக்குவத்துக்கு வந்துவிடும். மனித உடம்பு அதற்குப் பழக்கமில்லாத இடம், ஆழமாகப் போகத் தெரியாமல் தோலுக்கடியிலேயே ஊர்ந்து திரிகிறது. ஊசியால் கிளறிப் பார்க்க வேண்டாம், சுடவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. பெடியனை அன்றைக்கே அனுப்பினேன்.

நாய் மலத்தை அள்ளச் சொன்னால் வன்னியில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று: "எங்கட வளவு ஒரு ஏக்கர் டொக்டர், அது வெயிலில காஞ்சு மண்ணோட போயிடும்." ஏப்ரல், மே வெயிலில் வெட்டவெளியில் கிடப்பது காய்வது உண்மைதான், அதிலுள்ள புழுக்களில் பலதும் செத்துப்போகும். ஆனால் எங்கள் வெயிலில் எந்த நாய் வெட்டவெளியில் போய் மலம் கழிக்கிறது? அது தேடுவது நிழலையும் மெதுமையான மண்ணையும். பிள்ளைகள் விளையாடத் தேடுவதும் அதையேதான். மாமரத்தடி, கிணற்றடி வாழைப்பாத்தி, மாட்டுக்கொட்டிலின் ஓரம். ஈரமும் நிழலும் உள்ள அந்த இடங்களில் புழு முட்டைகள் சுகமாக இருக்கும். போதாததற்குக் கோழிகள் வந்து கிளறி வளவெல்லாம் பரப்பிவிடும்.

கொளுக்கிப் புழுவை விட எனக்கு அதிகம் பயம் வட்டப்புழுவில். குட்டி வாந்தியெடுக்கும்போது இடியப்பத் துண்டுபோல வெள்ளையாகச் சுருண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தாயின் வயிற்றிலிருக்கும்போதே அது குட்டிக்குத் தொற்றிவிடும், அதனால் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இருக்கும். புதிதாக விழுந்த மலத்திலுள்ள வட்டப்புழு முட்டை உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து பழுக்க வேண்டும், எங்கள் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம். பழுத்த பிறகு அது மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். மண் அளைந்த கையை வாயில் வைக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால், குடம்பி ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகலாம், சில வேளை கண்ணுக்கும் போய்ப் பார்வையைக் கெடுக்கலாம். ஜெயஸ் என்ற கிருமிநாசினியும் சாம்பலும் அந்த முட்டையை ஒன்றும் செய்யாது. சாம்பல் மணத்தையும் இலையானையும் குறைக்கும், அவ்வளவுதான். எங்களுக்குக் கையில் கிடைத்திருக்கும் ஒரே வசதி அந்த அவகாசம். அன்று விழுந்ததை அன்றே அள்ளிவிட்டால் இரண்டு புழுவுக்கும் நேரம் கிடைக்காது.

அள்ளுவதற்கு நாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். அதன் பழக்கங்களைக் கவனித்தால் இடம் தானாகத் தெரியும். "இவன் ஏன் டொக்டர் வெளிக்குப் போக முன்னம் பம்பரம் மாதிரிச் சுத்துறவன்?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மணந்து பார்த்து இடம் தேர்கிறது, பாம்பு பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதாகவும் புல்லை மிதித்துச் சமப்படுத்துவதாகவும் இருக்கலாம். நடப்பது குடலுக்கும் உதவி. செக், ஜேர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு வருடமளவில் கவனித்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்குத் தெற்காக நின்று மலம் கழிக்க விரும்புகின்றன என்று 2013 இல் எழுதினார்கள். சுவையான ஆய்வு, ஆனால் அதை முடிந்த முடிவாக நான் எடுக்கமாட்டேன்.

முடிந்த பிறகு பின்னங்காலால் மண்ணை வாரி எறிவதைப் பார்த்து, "பாவம், மூடப் பாக்குது" என்பார்கள். பூனைதான் மூடும். நாய் தன் அடையாளத்தைப் பெரிதாக்குகிறது. பாதத்திலுள்ள சுரப்பிகளின் மணமும் மண்ணில் படும், கீறலும் மற்ற நாயின் கண்ணுக்குத் தெரியும். மூத்திரமும் அப்படித்தான், அது நாய்களுக்குள் ஓடும் கடிதம். என் மோட்டார் சைக்கிளை எந்த வீட்டுப் படலையடியில் நிறுத்தினாலும் முதலில் நனைவது பின் சில்லு. ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் உள்ள நாய்களின் செய்தியெல்லாம் அந்த டயரில் ஒட்டியிருக்கிறது, வீட்டு நாய் வாசித்துவிட்டுப் பதில் எழுதுகிறது. அதற்காக நாயை அடிக்காதீர்கள்.

அடிப்பதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். விறாந்தையில் மலம் கழித்துவிட்டது என்று குட்டியின் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கிறார்கள். குட்டிக்கு அதிலிருந்து விளங்குவது, இந்த ஆள் நிற்கும்போது மலம் கழித்தால் அடி விழும் என்பதுதான். அடுத்த முறை கட்டிலுக்குக் கீழே ஒளித்துப்போய்க் கழிக்கும், அல்லது தடயத்தைத் தின்றுவிடும். குட்டி நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்துக்குள்ளும் நீங்களே தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள். இருந்து முடிந்த கையோடு தலையைத் தடவி ஒரு துண்டு கருவாடு கொடுங்கள். பொறுமையாகச் செய்தால் இடம் பிடித்துக்கொள்ளும், அள்ளும் வேலையும் ஒரு மூலைக்கு வந்துவிடும்.

மலம் தின்பதைப் பார்த்து அருவருத்து நாயையே விரட்டிவிட்டவர்கள் உண்டு. குட்டி போட்ட தாய் குட்டிகளின் மலத்தைத் தின்பது இயல்பு, கூட்டைத் துப்பரவாக வைக்கிறது. ஆட்டுப் பிழுக்கையும் மாட்டுச் சாணகமும் தின்னாத வன்னி நாய் குறைவு. வளர்ந்த நாய் தன் மலத்தையே திரும்பத் திரும்பத் தின்று, மெலிந்தும் போனால், பசியா, புழுவா, செமிபாட்டுக் கோளாறா என்று பார்க்க வேண்டும். கூட்டி வாருங்கள்.

அள்ளும்போது மலம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். அரிசிபோல அசையும் துண்டுகள் நாடாப்புழு. அது தெள்ளு மூலம் வருவது, தெள்ளை ஒழிக்காமல் குளிசை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். குட்டியின் மலம் தார் மாதிரிக் கறுத்திருந்தால் உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிக் கிடந்தால் கொளுக்கிப் புழு இரத்தம் குடித்துக்கொண்டிருக்கலாம், நாளைக்கு என்று வைக்காதீர்கள். மூத்திரம் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கடுவன் நாய் அடிக்கடி காலைத் தூக்கியும் சொட்டுக்கூட வராவிட்டால் அது அவசரம், அன்றைக்கே வர வேண்டும்.

பெரிய செலவில்லை. தேய்ந்த சின்ன மண்வெட்டி ஒன்று, ஒரு தகரத் துண்டு. காலையில் முற்றம் கூட்டுவதற்கு முன் ஒரு சுற்று. கூட்டிய பிறகு போனால் ஈர்க்கு விளக்குமாறே அதை மண்ணோடு கலந்துவிட்டிருக்கும். மலத்தோடு ஒரு அங்குல மண்ணையும் சேர்த்து அள்ளுங்கள். சொப்பின் (பிளாஸ்டிக்) பையைக் கையில் மாட்டி அள்ளினால், பையோடு வேலிக்கு வெளியே எறிவதில் பிரயோசனமில்லை, அங்கேயும் யாரோ ஒரு பிள்ளை நடக்கும். கீரைப் பாத்திக்கும் போடாதீர்கள். மாட்டெருவைப் போல இதை நினைக்கக்கூடாது. பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

சீமெந்து நிலத்தில் மூத்திரம் போனால் முதலில் துணியால் ஒற்றி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு தண்ணீர் கலந்த வினாகிரியால் துடையுங்கள். மணம் மிஞ்சினால் திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வரும். குளோரின் கலந்த பிளீச்சிங் தண்ணீரை மூத்திரத்தின் மேல் நேராக ஊற்றவோ வினாகிரியோடு கலக்கவோ வேண்டாம், கிளம்பும் வாயு நெஞ்சை அடைக்கும்.

பூச்சிக் குளிசை குட்டிக்கு இரண்டாவது கிழமையில் தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை. ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிறையைப் பார்த்து அளவு சொல்ல வேண்டியிருப்பதால் வீட்டிலிருக்கும் மனிதக் குளிசையை உடைத்துக் கொடுக்காதீர்கள். தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள், பாலிலும் புழு போகும்.

அந்த வீட்டுக்கு மூன்று கிழமை கழித்து மாட்டைப் பார்க்கப் போனேன். பெடியனின் காலில் கோடு மங்கியிருந்தது. ஊஞ்சலடி மண்ணை மேலால் வழித்தெடுத்துவிட்டுப் புது மணல் பரப்பியிருந்தார்கள். அள்ளிய மலத்தைப் போடக் கொட்டிலுக்குப் பின்னால் இரண்டடி ஆழத்தில் கிடங்கு வெட்டி மேலே பழைய தகரம் ஒன்று போட்டிருந்தது. இடம் மட்டும் பிழை, கிணற்றுக்குக் கிட்ட. 50 அடியாவது தள்ளி, மேட்டில் வெட்டச் சொன்னேன். காலபோக மழை தொடங்கினால் எங்கள் கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் அளவுக்கு ஏறிவிடும், பள்ளத்துக் கிடங்கு நிரம்பி வளவெல்லாம் ஓடும். ஐப்பசிக்கு முதல் வெட்டி முடித்துவிடுங்கள்.