உயில் எழுதுகிறீர்களா? சாட்சியையும் எக்சிகியூட்டரையும் முதலில் முடிவு செய்யுங்கள்

உயில் என்றதுமே வீடு யாருக்கு, நகை யாருக்கு என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். ஆனால் நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் கோர்ட் முதலில் கேட்பது வேறு: இந்தக் கையெழுத்து அவருடையதுதானா, அவர் போடும்போது யார் பார்த்தார்கள்?

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருக்கும் யாரும் உயில் எழுதலாம் என்கிறது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். சுயசம்பாத்தியம் முழுவதையும் எழுதலாம், பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம். இறுதிச்சடங்குச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் உயில் மூலம் கொடுக்க முடியாது. கீழே சொல்லும் சாட்சி விதியும் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

சரி, சாட்சி. குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும், அந்த இரண்டு பேர் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். உயில் எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது நான் போட்ட கையெழுத்துதான்' என்று அவரே அந்தச் சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு சாட்சி தன் கையெழுத்தை அவர் முன்னிலையில் போட வேண்டும். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார், மகன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தெரிந்தவர்கள் இருவரிடம் 'சும்மா சாட்சிக் கையெழுத்துதான்' என்று வாங்கி வருகிறான் என்று வையுங்கள். அந்த உயில் செல்லாது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, சாட்சிகளின் முழு முகவரியும் எழுதிவிடுவதுதான் பின்னாளில் உதவும்.

சாட்சி உயிலைப் படித்திருக்கவே வேண்டாம், யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒருநாள் கோர்ட்டில் வந்து நின்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அதனால் உங்களைவிட வயது குறைந்தவர், எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவர், சொத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர் என்று பாருங்கள். கிறிஸ்தவர்கள் எழுதும் உயிலில் சாட்சிக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாமலே போய்விடும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு கிடையாதுதான், அதற்காக உயிலால் சொத்துப் பெறப்போகிறவரையே சாட்சியாக வைத்தால் சந்தேகத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும்.

அடுத்தவர் எக்சிகியூட்டர், அதாவது நிறைவேற்றுநர். நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் நின்று வேலை பார்க்கிறவர் இவர்தான். சொத்துகளைத் திரட்டி, இறுதிச்சடங்குச் செலவையும் கடன்களையும் தீர்த்து, அப்புறம்தான் பங்கு பிரிக்க வேண்டும். பயனாளிகளில் ஒருவரையே நியமிக்கலாம், அதில் தடையில்லை. மைனராக இருக்கக் கூடாது. அவரைக் கேட்காமல் பெயரை எழுதிவிடாதீர்கள், ஏனென்றால் அவர் மறுக்கலாம். உங்களுக்கு முன்பே இறந்தும் போகலாம். 'இவர் இல்லாவிட்டால் அல்லது மறுத்தால் இன்னார்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எக்சிகியூட்டர் இருந்தால் அவர் கோர்ட்டில் புரொபேட் வாங்கலாம், உயில் உண்மையானது என்று கோர்ட் முத்திரையிட்டுத் தரும் சான்று அது. எக்சிகியூட்டரே குறிப்பிடப்படாத உயிலுக்குப் புரொபேட் கிடையாது, பயனாளி நிர்வாக உரிமை கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும். புரொபேட்டோ நிர்வாக உரிமையோ வாங்கியவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருடத்துக்குள் கணக்கையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். இதைக் கேட்டதுமே பின்வாங்குகிறவர் இந்த வேலைக்கு ஆகாது.

'பேங்கில் நாமினி போட்டாச்சே, உயில் எதற்கு?' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பொதுவாக நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் உரிமையுள்ளவர், சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. கம்பெனிப் பங்குகளுக்கும் இதுதான் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பட்டியலில் விட்டுப்போனதற்கும் ஒரு வழி வையுங்கள். 'மேலே சொல்லாத, இனி நான் வாங்கப்போகிற எல்லாச் சொத்தும் என் மனைவிக்கு' என்று ஒரே வரி போதும். அந்த வரி இல்லாவிட்டால் மிச்சச் சொத்து உயிலே இல்லாத மாதிரி வாரிசுச் சட்டப்படி பிரியும்.

மனசு மாறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், செல்லுபடியாகும் கடைசி உயில்தான் நிற்கும். சின்ன மாற்றத்துக்கு இணைப்பு உயில் எழுதலாம், அதற்கும் அதேபோல இரண்டு சாட்சி வேண்டும். பழைய தாளிலேயே அடித்துத் திருத்தாதீர்கள்.

பதிவு கட்டாயமில்லை. செய்தால் நல்லது, ஆனால் பதிவு செய்ததாலேயே சாட்சிகளைக் கூப்பிட்டு நிரூபிக்கும் வேலை போய்விடாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்றால், உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். நீங்கள் இறந்த பிறகு விண்ணப்பித்தால், அவர் உறையைத் திறந்து பதிவேட்டில் நகல் எடுத்துக்கொண்டு அசலை அங்கேயே வைத்திருப்பார். உறை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை மட்டும் எக்சிகியூட்டரிடம் சொல்லி வையுங்கள்.