காக்ளியர் கருவித் திட்டம்: 6 வயது வரை காத்திருக்காதீர்கள்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு, ஒலியை மின்குறிகளாக்கிச் செவி நரம்புக்கு அனுப்பும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்தும் அறுவை சிகிச்சை, தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்யப்படுகிறது. குழந்தை 6 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

அந்த 6 வயதைப் பார்த்து "இன்னும் நாளிருக்கிறது" என்று நினைப்பதுதான் ஆபத்து. அரசின் வரம்பு வேறு, மூளையின் வரம்பு வேறு. கருவில் ஏழாம் மாதவாக்கிலேயே குழந்தைக்கு ஒலி கேட்கத் தொடங்கிவிடுகிறது. உளவியல் ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கியபோது பெரும்பாலான குழந்தைகளால் அது முடியவில்லை. நம் குழந்தைகளுக்குப் 'பட்டு' வேறு, 'பத்து' வேறு என்று பிடிபடுவது, அவ்வொலிகளை நாள்தோறும் கேட்பதால்தான். ஒலியே எட்டாத மூளையில், கேட்பதற்கான பகுதியைப் பார்வை போன்ற பிற புலன்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தினால் சில மாதங்களிலேயே மூளையின் ஒலி எதிர்வினை வயதுக்கேற்ற அளவை எட்டுகிறது என்றும், ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தினால் பெரும்பாலும் எட்டுவதில்லை என்றும் செவித்திறன் ஆய்வாளர் அனு சர்மா குழுவினரின் ஆய்வுகள் காட்டின.

"இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் சொல்லலாம். கூப்பிட்டுத் திரும்பாத குழந்தையை அந்த ஆறுதலை நம்பி விட்டுவிடாதீர்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள், உள்காது ஒலிக்குத் தரும் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனை, அதில் ஐயம் எழுந்தால், மூன்று மாதத்துக்குள், ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். முதலில் காதொலிக் கருவி தருவார்கள். அது போதாதபோதுதான் அறுவை சிகிச்சை.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்தை அணுகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் காக்ளியர் கருவி உண்டு. அங்கே பிறவிக் குறைபாட்டுக்கு 5 வயதுதான் வரம்பு.

அறுவை முடிந்த சில வாரங்களில் கருவியை இயக்குவார்கள். குழந்தை அன்றுதான் கேட்கவே தொடங்குகிறது. கேட்டுப் பேசும் பயிற்சிக்கு ஒரு நாளும் தவறாமல் அழைத்துப் போங்கள். வீட்டிலும் ஓயாமல் பேசிக்கொண்டே இருங்கள்.