குட்டை நெல்லுக்கு வறட்சி ஏன் ஆகவில்லை?

தொண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறோம். பழைய நெட்டை நெல் காய்ச்சலைத் தாங்கும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது, கதிர் வரும் நேரம் மழை பொய்த்தால் பதர்தான். இரண்டையும் ஒரே நெல்லில் சேர்க்க முடியாதா?"

முடியும். ஆனால் சும்மா கலப்பினம் செய்தால் போதாது.

நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம். மகரந்தம் உருவாகும் குன்றல் பகுப்பில் ஜோடியில் ஒன்றுதான் போகும் என்பது பள்ளிப் பாடம். அதற்கு முன் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பாடத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் இந்தக் குறுக்கேற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. செல் தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டிக்கொள்கிறது! ஸ்போ11 என்ற புரதம் அங்கங்கே இரு இழைகளையும் அறுத்துவிடுகிறது. பிறகு கிழிந்த வலையை, பக்கத்தில் விரித்த நல்ல வலையைப் பார்த்துக் கண்ணி கண்ணியாகப் பின்னுவதுபோல, ஜோடிக் குரோமோசோமைப் பார்த்து வெட்டு சரிசெய்யப்படுகிறது. பெரும்பாலான வெட்டுகள் சுவடில்லாமல் மூடிவிடும். மிகச் சிலவற்றில் மட்டும் முனைகள் மாறி இணைந்து, தாய்வழித் துண்டும் தந்தைவழித் துண்டும் இடம் மாறும். நெல்லில் 12 ஜோடிக்கும் சேர்த்து ஒரு பகுப்புக்குச் சுமார் 30 மாற்றங்கள், அவ்வளவுதான். ஜோடிக்கு ஒன்றாவது உண்டு. ஒன்று நிகழ்ந்த இடத்தின் அருகே இன்னொன்று அநேகமாக நிகழாது. குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடுப்பான சென்ட்ரோமியர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

1966இல் வந்த ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகத்தின் குட்டைத்தனத்துக்குக் காரணமான எஸ்.டி.1 மரபணு முதல் குரோமோசோமில் இருக்கிறது. நாகினா 22 போன்ற பழைய நெல்லில் வறட்சியிலும் மணி பிடிக்க உதவும் ஒரு பகுதியும் அங்கேயே, எஸ்.டி.1ஐ ஒட்டினாற்போல இருக்கிறது. குட்டைச் செடியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில் வறட்சித் தாங்கும் அண்டை வீட்டுக்காரரும் சேர்ந்து வெளியேறிவிட்டார். இந்தப் பிணைப்பை அறுத்து, குட்டையாகவும் வறட்சி தாங்குவதாகவும் செடிகள் எடுத்ததைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2015இல் வெளியிட்டார்கள்.

அறுப்பது ஏன் கடினம்? நெல்லில் சராசரியாக இரண்டரை லட்சம் டி.என்.ஏ. எழுத்து இடைவெளிக்குள் குறுக்கேற்றம் நூறில் ஒரு முறைதான் நடக்கும். இடைவெளி சுருங்கச் சுருங்க, வளர்த்துச் சோதிக்க வேண்டிய செடிகள் பெருகும். மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் கொடுத்து நான்காம் வருடம் கையை விரிப்பவர்களுக்கு இது புரிவதில்லை என்பது என் ஆதங்கம். செடி யாருடைய நிதியாண்டுக்கும் பூப்பதில்லை.

குறுக்கேற்றத்தையே கூட்டும் வழியும் உண்டு. ரெக்க்யூ4 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் நெல், தக்காளி, பட்டாணியில் குறுக்கேற்றம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்று 2018இல் காட்டினார்கள். சென்ட்ரோமியரை ஒட்டிய பகுதி மட்டும் அதற்கும் அசைவதில்லை.

கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறதே என்று அந்த வாசகர் அடுத்துக் கேட்பார். கேரளத்துப் பொக்காளி நெல்லில் உப்பைத் தாங்க உதவும் சால்டால் பகுதியும் முதல் குரோமோசோமில்தான், ஆனால் சென்ட்ரோமியருக்கு அந்தப் பக்கம், மறு கையில். இடையில் தூரம் தாராளம். வறட்சிப் பகுதியையும் உப்புப் பகுதியையும் ஒரே செடியில் சேர்க்க இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.