நடுக்கடலில் விக்கிப்பீடியா

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மாலையில் நின்றால், நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். அப்படி ஒரு கப்பலில் வேலை பார்க்கும் தூத்துக்குடித் தம்பி, சிராங்கூன் சாலையில் சாப்பிடும்போது கேட்டார்: “அண்ணே, நடுக்கடலில் சிக்னல் இருக்காது. விக்கிப்பீடியாவைப் போனில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?”

முடியும். 2007இல் தொடங்கிய கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியின் வேலையே அதுதான். மொத்தக் கலைக்களஞ்சியமும் ‘ஸிம்’ என்ற வகைக் கோப்பு ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. (சிம் அட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை!)

எப்படி அடங்குகிறது? ‘அம்மா’ என்று தமிழில் எழுதினால் கணினியில் 15 பைட் இடம் பிடிக்கும். ஆங்கில எழுத்தில் எழுதினால் நான்கே. தமிழுக்கு அநியாயம் நடப்பதுபோல் தோன்றும். ஆனால் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் உள்ள மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றேதான்; இரண்டாவதற்கு இரண்டே வாய்ப்புகள். திரும்பத் திரும்ப வருவதைத்தான் சுருக்கும் நிரல் விரும்பி விழுங்கும். போதாக்குறைக்கு ‘இருக்கிறது’, ‘ஆண்டு’ என்று அதே சொற்களும் ஓயாமல் வருகின்றன. அநியாயத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒரு கட்டுரைக்காக மூட்டை முழுவதையும் அவிழ்க்க வேண்டியிருக்கும். தனித்தனியாகக் கட்டினால் சுருக்கம் குறையும். அதனால் பல கட்டுரைகளைச் சேர்த்துச் சிறு சிறு பொட்டலங்கள். எது எந்தப் பொட்டலத்தில் என்பதற்கு வரிசைப்படுத்திய பட்டியல் உண்டு. அகராதியை நடுவில் பிரித்து, முன்னா பின்னா என்று பார்ப்பதுபோல் ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கினால், இரண்டரை லட்சம் தலைப்புகள் இருந்தாலும் 18 முறைக்குள் வேண்டியது கிடைத்துவிடும்.

சக மாலுமிகளுக்கும் வேண்டுமென்றால், ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினியில் அதே கோப்பைப் போட்டு, வைஃபை அலைபரப்ப விடலாம். வைஃபை என்றாலே இணையம் என்று நினைத்துவிடுகிறோம். அது கருவிகளுக்கு இடையே கம்பியில்லாத பாதை, அவ்வளவே. பாதையின் மறுமுனையில் இணையம்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

தம்பியின் மெமரி கார்டில் ஆங்கிலக் கோப்பு முதலில் ஏறவில்லை. கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறையான ஃபேட்32இல் அமைந்த கார்டு 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு மாற்றியதும் ஏறியது. எடுத்த நாளோடு நின்றுபோன பிரதி இது. அடுத்த முறை சிங்கப்பூர் வரும்போது புதியதை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். எப்போது வருவோம் என்று அவருக்கே தெரியவில்லை.