கிளிஞ்சல் காளவாயில் வேதிச் சேர்க்கை விதிகள்

எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் கழிகளில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது வடசென்னைக் கரையோரத்தின் பழைய தொழில்களுள் ஒன்று. சிமெண்டு பரவுவதற்கு முன் ஜார்ஜ் டவுனில் எழுந்த சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில்தான் நிற்கின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவர் மனப்பாடம் செய்யும் வேதிச் சேர்க்கை விதிகள் ஏறக்குறைய அனைத்தையும் இந்த ஒரு காளவாயைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

கிளிஞ்சலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோவை முழுமையாகச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு, கிடைக்கும். குறைந்த 44 கிலோ அழிந்துவிடவில்லை; கார்பன் டைஆக்சைடாகி வாய் வழியே வெளியேறிவிட்டது. காசிமேட்டில் உப்புக்காற்றில் கிடக்கும் இரும்பு ஆணியோ துருவேறத் துருவேற எடை கூடுகிறது, ஏனெனில் அது காற்றிலிருந்து ஆக்சிஜனையும் ஈரத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஒன்றில் குறைவு, மற்றொன்றில் கூடுதல் என்று தோன்றும் இந்த முரண்பாடு, வந்துபோகும் வாயுவையும் சேர்த்து நிறுத்தால் மறைந்துவிடும். பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியர் மூடிய கலங்களில் வினைகளை நிகழ்த்தி, முன்னும் பின்னும் துல்லியமாக நிறுத்து, 1789-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக எழுதினார். இதுவே பொருண்மை அழியா விதி.

சுட்ட சுண்ணாம்பின் கணக்கு இத்துடன் முடியவில்லை. அந்த 56 கிலோவை நீற்றும்போது அது 18 கிலோ தண்ணீருடன் வினைபுரிந்து, கடுஞ்சூட்டை வெளியிட்டு, 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. அது சாந்தாகிச் சுவரில் ஏறியபின், ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து 44 கிலோ கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி, 18 கிலோ நீரை விட்டுவிட்டு, மீண்டும் 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீரை ஊற்றினாலும் வினையில் சேர்வது அந்த 18 கிலோ மட்டுமே. மிகுதி ஆவியாகிவிடும் அல்லது ஈரமாகத் தங்கிவிடும்.

இங்கேதான் இரண்டாவது விதி வருகிறது. சிப்பியிலிருந்து வந்தாலும், மலைச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வந்தாலும், நூறாண்டுச் சுவரில் இறுகிக் கிடந்தாலும், தூய கால்சியம் கார்பனேட்டில் கால்சியம், கார்பன், ஆக்சிஜன் ஆகியவற்றின் நிறை விகிதம் 40:12:48. பிரெஞ்சு வேதியியலர் பிரூஸ்ட் இயற்கையில் கிடைத்த தாமிரக் கார்பனேட்டையும் ஆய்வகத்தில் செய்ததையும் ஒப்பிட்டு 1799-இல் இந்த மாறா விகித விதியை முன்வைத்தார். மற்றொரு பிரெஞ்சு வேதியியலரான பெர்தொல்லே அதை ஏற்காமல் பல ஆண்டுகள் வாதிட்டார். விகிதம் தொடர்ச்சியாக மாறக்கூடும் என்பது அவர் கட்சி. அவர் காட்டிய சான்றுகளில் கலவைகளும் கரைசல்களும் உலோகக் கலவைகளும் இருந்ததால் பிரூஸ்ட் வென்றார். ஆயினும் பெர்தொல்லேயை முற்றாகத் தோற்றவர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. இரும்பு(II) ஆக்சைடில் இரும்பு, கணக்குப்படி இருக்கவேண்டிய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே அமைகிறது. அந்தக் குறைவின் அளவும் தயாரிக்கும் நிலைமைக்கேற்ப மாறுகிறது. இத்தகைய திண்மங்களுக்குப் பிற்காலத்தவர் பெர்தொல்லேயின் பெயரையே சூட்டினார்கள்.

மூன்றாவதான பெருக்கல் விகித விதியே இவற்றுள் மிக ஆழமானது என்பேன். பாடநூலில் அதற்குக் கிடைக்கும் இடம் போதாது. இரண்டு தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்களைத் தந்தால், ஒன்றின் ஒரே நிறையுடன் சேரும் மற்றதன் நிறைகள் சிறிய முழு எண் விகிதத்தில் இருக்கும் என்பது அது. காளவாயில் கிளிஞ்சலோடு அடுக்கிய கரி, காற்று தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் கார்பன் டைஆக்சைடாகவும், காற்று போதாத இடத்தில் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடாகவும் எரிகிறது. 12 கிராம் கார்பனுடன் முதலாவதில் 32 கிராம் ஆக்சிஜனும், இரண்டாவதில் 16 கிராமும் சேர்ந்திருக்கும், அதாவது 2:1. காற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் 19 கிராமோ 23 கிராமோ சேர்ந்த புதிய சேர்மம் எதுவும் கிடைக்காது. இரண்டு வாயுக்களின் கலவையே கிடைக்கும். கந்தகத்தின் இரண்டு ஆக்சைடுகளில் 32 கிராம் கந்தகத்துக்கு ஆக்சிஜன் முறையே 32, 48 கிராம், அதாவது 2:3. பொருள் எல்லையின்றிப் பகுக்கக்கூடியதாக இருந்தால் இடைப்பட்ட எண்கள் ஏன் வரக்கூடாது என்ற கேள்விக்கு, துகள்கள் முழுமுழுவாகவே சேர்கின்றன என்பதே எளிய விடை. ஆங்கிலேய வேதியியலர் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலில் அணுக்கொள்கையை விளக்கியபோது யாரும் அணுவைக் கண்டதில்லை. தராசு காட்டிய சிறிய முழு எண்களே அவருக்கு வலுவான ஆதாரம்.

தலைகீழ் விகித விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: இரண்டு தனிமங்கள் மூன்றாவது ஒன்றின் ஒரே நிறையுடன் தனித்தனியே சேரும் விகிதமே, அவை தமக்குள் சேரும்போதும் வரும். மீத்தேனில் 12 கிராம் கார்பனுடன் 4 கிராம் ஹைட்ரஜனும், கார்பன் டைஆக்சைடில் அதே 12 கிராமுடன் 32 கிராம் ஆக்சிஜனும் சேர்கின்றன. 4:32 என்பது 1:8. நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்திருப்பதும் இதே விகிதத்தில்தான். வேறு சேர்மங்களில் இது சிறிய முழு எண் மடங்காகவும் அமையலாம்.

எஞ்சியது பிரெஞ்சு வேதியியலர் கே-லூசாக் 1808-இல் கூறிய பருமன் இணைப்பு விதி: வாயுக்கள் சேரும்போது அவற்றின் பருமன்கள் எளிய முழு எண் விகிதத்தில் இருக்கும். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் 2 லிட்டர் கார்பன் மோனாக்சைடு 1 லிட்டர் ஆக்சிஜனுடன் எரிந்தால் 2 லிட்டர் கார்பன் டைஆக்சைடு உண்டாகும். சமப் பருமனில் சம எண்ணிக்கைத் துகள்கள் இருக்குமானால், ஓர் ஆக்சிஜன் துகள் இரண்டாகப் பிரிந்தாக வேண்டும். அணு பிளவுபடாது என்று கருதிய டால்டன் இதை ஏற்கவில்லை. ஆக்சிஜன் வாயுவின் துகள் இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறு என்று கொண்டால் சிக்கல் அவிழும் என்பதை இத்தாலிய அறிவியலர் அவகாட்ரோ 1811-இல் காட்டினார். கணக்குப் போடும் மாணவர் இவ்வினையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பருமனைப் பார்த்தால் 2 + 1 என்பது 2 ஆகிறது, நிறையைப் பார்த்தால் 56 + 32 என்பது 88 ஆகிறது, பொருண்மை அழியா விதி நிறைக்கு மட்டுமே உரியது, வாயுக்களின் பருமனை அது கட்டுப்படுத்தாது.